பின்கட்டுப் பாத்தி

பிப்ரவரி 4

தம்பி பெண்டாட்டிக்கு உன் நாத்தனார் எழுதுவது. நான் நலம். நீங்கள் இருவரும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் என் தம்பிக்கு என் ஞாபகம் வந்திருக்கும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன தடவை பேசியபோது நீ பாதியில் வைத்துவிட்டாய். அது தெரியாமல் மீதியை நான் வெறும் போனிடம் பேசிக்கொண்டிருந்தேன், சலவைக்கூடத்துப் பெண்கள் அத்தனை பேரும் பார்க்க. கடிதத்தை நீ கிழித்துப் போட்டாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. மரியாதை மிஞ்சும்.

செப்டம்பர் கடைசியோடு இந்த ஆஸ்பத்திரியில் என் சலவை வேலை முடிகிறது. சலவைக்கூடத்து மாடியில் கொடுத்திருக்கும் அறையையும் காலி செய்யவேண்டும். அப்புறம் எனக்கென்று இருப்பது நீங்கள் குடியிருக்கும் வீட்டில் அப்பா என் பேருக்கு விட்டுப்போன பின்கட்டு அறையும், அதன் வாசலில் உள்ள காய்கறிப் பாத்தியும்தான். வேறு போக்கிடம் கிடையாது. நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன்.

பாத்தியைச் சுற்றிப் புல் மண்டிவிட்டது, கடையில் களைக்கொல்லி வாங்கி அடிக்கப்போகிறேன் என்று தம்பி சொன்னான். அடிக்கக் கூடாது. அந்த மண்ணில் விளைவதை நான் தின்னப்போகிறேன். செங்கல் நடைபாதை இடுக்கில் இருக்கும் புல்லுக்குக் கொதிக்கிற தண்ணீர் போதும். வேலி ஓரத்துப் புல்லுக்கு வினிகரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, நல்ல வெயிலில் இலைமேல் தெளி. பாத்திக்குள் முளைப்பதைக் கையால் பிடுங்கு. குனிந்தால் உன் இடுப்பு ஒன்றும் ஒடிந்துவிடாது.

இப்படிக்கு,
உன் நாத்தனார்


பிப்ரவரி 26

மரியாதைக்குரிய அண்ணிக்கு வணக்கம். நாங்கள் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். உங்கள் கால் நன்றாக இருந்தால்தானே நீங்களே வந்து குனிய முடியும்.

உங்கள் உத்தரவு வந்தது. நாள் முழுக்கத் தையல்கடையில் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துவிட்டு வந்து, கெட்டில் கெட்டிலாகத் தண்ணீர் கொதிக்கவைத்து நடைபாதையில் ஊற்றினேன். முதல் நாள் செருப்போடு ஊற்றினேன். பெருவிரல் வெந்துபோனது. "பூட்ஸ் போட்டுக்கச் சொன்னாங்களா எங்கக்கா?" என்று உங்கள் தம்பி சிரித்தார். சொல்லவில்லை என்றேன். அவர் தோல் கிடங்கில் போடும் பூட்ஸைப் போட்டுக்கொண்டு மறுநாள் ஊற்றினேன். புல் கருகிவிட்டது. உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும், விரலும் கருகியது என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும்.

வினிகரும் தெளித்தேன். காற்று அடித்தது. உங்கள் மிளகாய்ச் செடி ஒன்றின் பாதி இலை பழுப்பாகிவிட்டது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எப்படியும் வேலிக்கு அந்தப்பக்கத்து வீட்டுக்காரி உங்களுக்குப் போன் செய்து சொல்லிவிடுவாள்.

இந்தக் கடிதத்தை உங்கள் தம்பிதான் தபாலில் சேர்க்கிறார். வழக்கம்போலப் படித்துவிட்டுத்தான் ஒட்டுவார். அவருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி மனைவி


மார்ச் 15

தம்பி பெண்டாட்டிக்கு. முழங்காலைக் கேட்டதற்கு நன்றி. அது உன்னைவிட உறுதியாக இருக்கிறது. விரலுக்கு மருந்து போட்டாயா?

காற்றடிக்கிற நேரத்தில் யாராவது வினிகர் தெளிப்பார்களா? அதற்குக் கண் கிடையாது. இது புல், இது மிளகாய் என்று பார்த்துச் சுடாது. காற்று விழுந்த பிறகு, செடிகளைப் பழைய போர்வையால் மூடிவிட்டு, தெளிப்பானைத் தரையோடு தாழ்த்திப் பிடிக்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள். அந்த டப்பாவில் முன்னால் பிளீச்சிங் திரவம் வைத்திருந்தால் தூக்கி எறி. இரண்டும் சேர்ந்தால் புகை கிளம்பி மூச்சை அடைக்கும். இங்கே சலவைக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஒருத்தி அப்படிக் கலந்துவிட்டுத் தரையில் சுருண்டு விழுந்தாள். நான்தான் கதவுகளைத் திறந்து அவளை வெளியே இழுத்துப்போட்டேன். நான் ஐந்தாம் வகுப்பு. அவள் பட்டம் வாங்கியவள். பட்டத்துக்கும் மூச்சு ஒன்றுதான்.

கோரை இலை கருகினால் செத்துவிட்டது என்று நினைத்து ஏமாறாதே. அதன் கிழங்கு அடியில் உட்கார்ந்து சிரிக்கும். தோண்டி எடு. நடந்துபோகும் இடத்தில் பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டு மேலே சருகைக் கொட்டு.

ஒன்று மட்டும் காதில் வாங்கிக்கொள். உப்பு வேண்டாம். இயற்கைதானே, சமையலில் போடுகிறோமே என்று யாராவது சொல்வார்கள். உப்பு மண்ணில் இறங்கினால் எழுந்து போகாது. வாசல் கல்லில் போட்டாலும் மழை அதைச் சரிவில் இறக்கிப் பாத்திக்குக் கொண்டுவந்துவிடும். இது தம்பிக்கும் தெரியும். சின்ன வயதிலேயே தெரியும்.

மிளகாய்ச் செடிக்கு நீதான் பொறுப்பு.

இப்படிக்கு,
உன் நாத்தனார்


ஏப்ரல் 20

அண்ணிக்கு வணக்கம். நலம். நலமறிய ஆவல் என்று எழுதினால் பொய் என்பீர்கள், அதனால் நலமா என்று மட்டும் கேட்கிறேன்.

மிளகாய் பிழைத்துவிட்டது. பூ வைத்திருக்கிறது. கத்தரி காய்க்கிறது, வெண்டை முற்றுவதற்குள் பறித்துவிடுகிறேன். உங்கள் போர்வை, கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு நான் வேலி ஓரம் நின்றால், "என்னம்மா, ஆபரேஷன் நடக்குதா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறாள். கோரைக் கிழங்கு ஒரு வாளி தோண்டினேன். அதில் ஒன்றை உங்களுக்கு அனுப்பலாமா என்று நினைத்தேன். அடியில் உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்தால் யார் ஞாபகமோ வந்தது.

உங்கள் தம்பிக்கு இப்போது பின்கட்டுமேல் பாசம் வந்திருக்கிறது. சாயந்திரமானால் அங்கே போய் நிற்கிறார். போன வாரம் அவர் வேலை பார்க்கும் தோல் கிடங்கின் முதலாளி வந்தார். பின்கட்டு அறையில் நாற்காலி போட்டு டீ கொடுத்தோம். "காத்தோட்டமான இடம்யா. வெயிலும் விழுது" என்றார். உங்கள் அறையைப் பாராட்டினார் என்று தெரிந்தால் சந்தோஷப்படுவீர்கள் என்று எழுதுகிறேன். வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் தம்பி மனைவி


ஜூன் 2

தம்பி பெண்டாட்டிக்கு. நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

நேற்றுத் தம்பி போன் செய்தான். பாத்தி முழுக்கச் செத்துவிட்டதாம். கத்தரி, வெண்டை, நீ பூ வைத்திருக்கிறது என்று எழுதிய அந்த மிளகாய், எல்லாம் வைக்கோல் மாதிரி நிற்கிறதாம். மண்மேல் வெள்ளை பூத்திருக்கிறதாம். "அவளுக்கு என்ன தெரியும்க்கா, உப்பைக் கொட்டிட்டா. விடு. இனிமே அங்க ஒண்ணும் முளைக்காது. நீ எதுக்கு இந்த வயசுல இங்க வந்து கஷ்டப்படணும், அங்கயே ஒரு ரூம் பார்த்துக்க" என்றான். எவ்வளவு இதமாகப் பேசினான் தெரியுமா? உன்னைத் திட்டக்கூட இல்லை.

நான் திட்டுகிறேன். வேண்டாம் என்று எழுதியதைத்தானே செய்தாய்? தெரியாமல் செய்தாய் என்று சொன்னால் என் காதில் பூ சுற்றுகிறாய் என்று அர்த்தம். பாத்தி செத்தால் கிழவி வரமாட்டாள் என்று கணக்குப் போட்டாய். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பின்கட்டு உன் கண்ணை உறுத்துகிறது. என்னை வராதே என்று நேராகச் சொல்லியிருக்கலாம். செடி உனக்கு என்ன செய்தது?

பதில் எழுது. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, எழுது.

நாத்தனார்


ஜூலை 9

அண்ணிக்கு வணக்கம். இங்கே நலம். உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் எழுத நாளாகிவிட்டது. ஆமாம், பாத்தி செத்துவிட்டது. உப்புதான். உங்கள் தம்பி சொன்னதற்குமேல் நான் எழுத ஒன்றும் இல்லை. நீங்கள் என்னைப் பற்றி எழுதியதையெல்லாம் அவர் சத்தமாகப் படித்துக் காட்டினார். நன்றாகப் படித்தார்.

அந்த மண்மேல் உங்களுக்குத்தான் உயிராயிற்றே. பாத்தியின் நடுவிலிருந்து ஒரு பிடி அள்ளி இத்துடன் பொட்டலமாக அனுப்புகிறேன். கட்டும்போது, "மண்ணை எதுக்குடி தபால்ல அனுப்பற, பைத்தியமா?" என்றார். "உங்கக்கா வயிறெரியட்டும்னு" என்றேன். சிரித்துக்கொண்டே அவரே ஸ்டாம்பு ஒட்டினார்.

பிரித்துப் பார்த்து ஆசைதீர வயிறெரியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி மனைவி


ஜூலை 18

தம்பிக்கு அக்கா எழுதுவது. நீ நலமாக இருப்பாய். உனக்கென்ன.

உன் பெண்டாட்டி என்னைக் குத்திக்காட்ட அனுப்பிய மண் வந்தது. வெள்ளைத் துணி விரித்துக் கொட்டினேன். நோயாளிகளின் படுக்கை விரிப்பில் ஒரு முடி ஒட்டியிருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிற கண் என்னுடையது. இந்தக் கண்ணை நீ மறந்துவிட்டாய்.

சமையல் உப்பு தூளானாலும் கல்லானாலும் வெள்ளையாக இருக்கும். இது கல்லுக் கல்லாக, அழுக்குச் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. கல்லோடு கல்லாக முடி ஒட்டியிருக்கிறது. குட்டை முடி, பழுப்பும் வெள்ளையும். ஆட்டு முடி. மோந்து பார்த்தேன். நம் வீட்டு வாசல் வாசனை வந்தது.

அப்பாவும் அதே கிடங்கில்தான், கெடாமலிருக்க உப்புப் போட்ட தோலை உதறினார். தினமும் வாசலில் நின்று கால்சட்டை மடிப்பைப் பிரித்து விடுவார். இதே உப்பு, இதே முடி கொட்டும். அம்மா அதை ஒரு கல் விடாமல் கூட்டி வாரிச் சாக்கடையில் போடுவாள். "பாத்திப் பக்கம் ஒரு கல்லு போச்சுன்னா உங்க ரெண்டு பேர் முதுகும் பிஞ்சிடும்" என்பாள். என் முதுகு ஒரு தரம் பிய்ந்தது. உன் முதுகு இரண்டு தரம். அப்படியும் நீ மறந்துவிட்டாயா?

கிடங்கு உப்பு தையல்கடையில் கிடைக்காது. உன் பெண்டாட்டிக்கு அந்த மூட்டையைத் தூக்கவும் தெம்பு கிடையாது. பெண்டாட்டி தலையில் பழியைப் போட்டுவிட்டு, என்னிடம் தேன் ஒழுகப் பேசினாயே, அந்தப் பேச்சு எங்கே கற்றாய்? நம் வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை. நாங்கள் கத்துவோம்.

எதற்குச் செய்தாய்? எழுது.

அக்கா


ஜூலை 30

அக்காவுக்கு. நலம்.

நீ எப்போதும் எல்லாவற்றையும் பெரிதாக்குவாய். கிடங்கில் கொஞ்சம் உப்பு வீணாகக் கிடந்தது, களைக்குப் போட்டேன். நீதானே கடை மருந்து வேண்டாம், இயற்கையாகச் செய் என்றாய். உப்பு இயற்கைதானே.

மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. முதலாளிக்குத் தோல் காயவைக்க இடம் வேண்டும். பின்கட்டைக் கொடுத்தால் என்னை மேஸ்திரி ஆக்குகிறேன் என்கிறார். இத்தனை வருஷம் தோல் சுமந்த முதுகு எனக்கு. நீ ஒருத்தி, ஆஸ்பத்திரியில் உனக்குப் பழக்கமானவர்கள் இருக்கிறார்கள், அங்கேயே இருந்துகொள்ளலாம். நாலு கத்தரிச் செடிக்காக என் பிழைப்பைக் கெடுக்காதே. ஆகஸ்ட் கடைசியில் தோல் வந்து இறங்குகிறது. உன் சாமான் பெட்டியைப் பத்திரமாக மாடியில் வைத்துவிடுகிறேன்.

அன்புத் தம்பி


ஆகஸ்ட் 11

தம்பி பெண்டாட்டிக்கு. நலம். உன் நலம் அறிய விரும்புகிறேன். இந்தத் தடவை உண்மையாகவே.

இதைத் தையல்கடை முகவரிக்கு அனுப்புகிறேன். காரணம் உனக்குத் தெரியும். நீயும் மேலே எழுதியிருக்கிற முகவரிக்கு எழுது. பழைய முகவரிக்கு வேண்டாம்.

மண்ணைப் பிரித்துப் பார்த்தேன். பார்க்கவேண்டியதைப் பார்த்தேன். நான் உன்னைத் திட்டி எழுதியதில் முதல் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பின்கட்டு உன் கண்ணை உறுத்துகிறது என்றது அப்படியே இருக்கட்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீ செடியைக் கொல்ல மாட்டாய். வெந்த விரலோடு மறுநாளும் போய்த் தண்ணீர் ஊற்றியவள்.

பாத்தியில் மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வழித்து எடுத்துவிடு. அந்த மண்ணைச் சரிவுக்குக் கீழே, எதுவும் விளையாத இடத்தில் கொட்டு. தெரு மரத்தடியில் கொட்டிவிடாதே. மிச்ச மண்ணைக் கிளறி, தண்ணீரை நிறையப் பாய்ச்சு. பாய்ச்சிய தண்ணீர் தேங்காமல் வெளியே ஓட வாய்க்கால் வெட்டு. வடிந்தபின் மறுபடி பாய்ச்சு. உப்பை விரட்ட வேறு மருந்து கிடையாது, தண்ணீரும் பொறுமையும்தான். பிறகு மக்கிய எருவைக் கலந்து வை. வினிகர் பக்கம் போகாதே. அந்த மண் பட்டது போதும்.

இதையெல்லாம் செய்ய நான் உனக்கு உத்தரவு போட முடியாது. செய்தால் செய். தோல் வந்து இறங்கிவிட்டால் எதற்கும் அர்த்தமில்லை. அவனைத் தடுக்க நான் அங்கே இல்லை. நீ அவன் பெண்டாட்டி, அவன் மேஸ்திரியானால் உனக்கும்தான் நல்லது. தெரியாமல் எழுதவில்லை.

நாத்தனார்


ஆகஸ்ட் 29

அண்ணிக்கு வணக்கம். நான் நலம். உங்கள் தம்பி உடம்புக்கு நலம், வாய்க்குத்தான் நலமில்லை. மூன்று நாளாகப் பேசவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. காஜா எடுக்க வசதி.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே மேல்மண்ணை வழித்துவிட்டேன். சாண் ஆழமெல்லாம் எனக்குத் தெரியாது, உங்களுக்கென்று ஒரு பிடி எடுத்து வைத்துவிட்டு, வெள்ளை தெரியாத ஆழம் வரைக்கும் வழித்தேன். ஜூன் மாதத்திலிருந்து தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் என்னைத் திட்டி எழுதிய கடிதத்தை அவர் படித்துக் காட்டிய அன்றும் பாய்ச்சினேன். அன்று கொஞ்சம் வேகமாகவே பாய்ச்சினேன். வாய்க்கால் வெட்டத் தெரியவில்லை, அதை மட்டும் நீங்கள் சொன்னபடி பிறகு வெட்டினேன். உடனே நீங்கள்தான் எல்லாம் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று எழுதவேண்டாம்.

போன திங்கள்கிழமை தோல் வண்டி வந்தது. நான் பின்கட்டுப் படல் கதவில் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, படலுக்கு முன்னால் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"சாவியைக் குடு. முதலாளி நிக்கறாரு" என்றார் உங்கள் தம்பி.

"இது உங்கக்கா எடம். அவங்க வந்து குடுக்கச் சொல்லட்டும், குடுக்கறேன்."

"அவளுக்கும் உனக்கும்தான் ஆகாதே! நேத்துவரைக்கும் அவளைக் கரிச்சுக் கொட்டுனியே!"

"இன்னிக்கும் கொட்டுவேன். அவங்க பின்கட்டுல வந்து உக்காரட்டும், நேராவே கொட்டறேன். அதுக்கு எடம் வேணும்ல?"

முதலாளி உங்கள் தம்பி பக்கம் திரும்பினார். "என்னய்யா, உங்கக்கா எடமா? உன் எடம்னுல்ல சொன்னே" என்றார். வண்டி திரும்பிப் போய்விட்டது. மேஸ்திரி வேலை இனிமேல் கிடைக்காது என்கிறார். கிடைக்காமலேயே போகட்டும். செய்யாத தப்பை என் தலையில் வைத்தவருக்கு நான் மேஸ்திரி பெண்டாட்டியாக இருந்து என்ன ஆகப்போகிறது.

உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். உங்கள் பழைய கடித உறைகளில் ஆஸ்பத்திரி முத்திரை இருக்கும். இந்தக் கடைசிக் கடிதத்தில் இல்லை. யாரோ ஒருவர் வீட்டு முகவரி இருக்கிறது. காகிதமும் மளிகைக்கடை ரசீதின் பின்பக்கம். என்னைத் திட்டி எழுதியதைத் தவிர்த்தால், சலவைக்கூடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் நீங்கள் எழுதிய முதல் கடிதம் இதுதான். செப்டம்பர் வரை வேலை என்றீர்கள். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. நீங்களும் எழுதவேண்டாம். எழுதினால் அதிலும் நீங்கள்தான் ஜெயித்தது மாதிரி எழுதுவீர்கள்.

நேற்றுக் காலை பாத்தியில் ஒரு பச்சை தெரிந்தது. ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். (இடுப்பு ஒடியவில்லை.) நான் போட்ட கீரை விதை இல்லை. கோரை. நட்டநடுவில், நிமிர்ந்து, திமிராக நிற்கிறது. அந்த மண்ணில் முளைத்த முதல் உயிர். கெட்டிலை எடுக்கவில்லை. வினிகரைத் தொடவில்லை. கையால் பிடுங்கவும் இல்லை.

உங்கள் பாத்தியில் முளைத்தது. உங்கள் களை. நீங்கள்தான் வந்து பிடுங்கவேண்டும். செப்டம்பர் கடைசிவரை விட்டால் கிழங்கு வைத்துவிடும், அதற்குள் வந்து சேருங்கள். அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. வந்ததும் முதல் வேலையாக என்னைத் திட்டப்போகிறீர்கள் என்று தெரியும். அதனால் டீயை அப்புறம்தான் போடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பெண்டாட்டி